மலேசியாவுக்குப் பாத்திரம் கழுவ

மலேசியாவுக்குப் போய்ப் பாத்திரம் கழுவ எங்கள் சபையில் அடிதடி நடக்காத குறைதான். சிரிக்காதீர்கள், நிஜமாகவே சொல்கிறேன். வீட்டில் குடித்த டம்ளரைக் குடித்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்து போகிற ஆண்கள், கடல் தாண்டிப் போய் யாரோ சாப்பிட்ட தட்டைக் கழுவுவதற்காக ஜெபம் பண்ணினார்கள், உபவாசம் இருந்தார்கள், முந்திக்கொண்டு கையைத் தூக்கினார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓசூரில் நடந்த கதை இது.

அப்போது எங்கள் சபை சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் ஒரு நீளமான ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில் கூடியது. அதற்கு முன்னால் அது ஏதோ கம்பெனியின் கிடங்காக இருந்ததாம். வெயில் ஏறினால் தரையிலிருந்து ஆயில் வாசனை எழும்பும். நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள், சேலத்துக்காரர்கள், எங்களைப் போலச் சிங்காரப்பேட்டைப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள், வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் கன்னடமும் பேசுகிற உள்ளூர்க்காரர்கள் என்று எல்லோரும் அங்கேதான். பாட்டு தமிழில், ஜெபம் அவரவர் பாஷையில், ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும்போது எல்லாம் கலந்து. ஆராதனை எத்தனை மணிக்கு என்பதை ஷிப்ட்தான் தீர்மானிக்கும் என்று பாஸ்டரே கேலியாகச் சொல்வார்.

பாஸ்டரோடு வேதாகமக் கல்லூரியில் ஒன்றாகப் படித்த ஒருவர் மலேசியாவில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ச் சபைக்குப் போதகராக இருந்தார். அங்கே நவம்பர் கடைசியில் பள்ளிக்கூடங்களுக்கு நீண்ட விடுமுறை. தோட்டத்துப் பிள்ளைகளைச் சேர்த்து இரண்டு வாரம் வகுப்பு நடத்த வேண்டும், அவர்களுக்குச் சமைத்துப் போட வேண்டும், சபைக் கோயிலுக்கு வெள்ளையடிக்க வேண்டும், ஆள் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். போக்குவரத்துச் செலவை அந்த ஊர்ச் சபைகள் சேர்ந்து ஏற்றுக்கொண்டன. ஆனால் ஆறு பேருக்குத்தான் இடம்.

பாஸ்டர் அந்த ஞாயிறு இயேசு சீஷர்களின் காலைக் கழுவிய பகுதியை எடுத்துப் பிரசங்கம் பண்ணினார். "நாம அங்க விருந்தாளியா போகல. வேலைக்காரனா போறோம். பணிவிடை செய்யற மனசு இருக்கறவங்க மட்டும் கை தூக்குங்க" என்றார். கைகள் எழுந்தன. என் கையும் எழுந்தது.

எழாமல் எப்படி இருக்கும்? அந்தச் சபையில் ஞாயிறு பள்ளி நடத்துவது நான். பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை சொல்லி, பாட்டுச் சொல்லிக் கொடுத்து, மூக்குத் துடைத்துவிட்டு, வீட்டுக்கு அனுப்புகிறவள். மலேசியாவில் கேட்டதும் அதே வேலை. போதாததற்கு என்னிடம் பாஸ்போர்ட்டும் இருந்தது. போன வருஷம் "முடிந்தவர்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எப்போதாவது உதவும்" என்று பாஸ்டர் சொன்னபோது என் கணவர் போட்டோ எடுக்க ஸ்டூடியோவுக்குப் போனார். எனக்கும் ஒன்று எடுங்கள் என்று நானும் கூடப் போய் உட்கார்ந்துகொண்டேன். போலீஸ்காரர் விசாரணைக்கு வந்தபோது "நீங்க எந்த நாட்டுக்கும்மா போறீங்க?" என்று கேட்டார். "கூப்பிடற நாட்டுக்கு" என்றேன். கூப்பிட்டார்கள், கையைத் தூக்கினேன். இதில் என்ன அதிசயம்?

சபையில் மூப்பர் ஒருவர் இருந்தார். ஒரு கம்பெனியின் மெயின்டெனன்ஸ் பிரிவில் ஃபோர்மேன். நல்ல மனிதர்தான். ஆனால் எங்கே நின்றாலும் அங்கே ஃபோர்மேன். அவர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. ரப்பர் காடு. அட்டை கடிக்கும்னு சொல்றாங்க. பாத்ரூம் வசதியெல்லாம் எப்படியோ. லேடீஸ் அடுத்த தடவ பாத்துக்கலாம்."

"அட்டை ஆம்பளைங்கள கடிக்காதுங்களா?" என்று கேட்டேன்.

பின்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். பாஸ்டர் மின்விசிறியைப் பார்த்தார். அவ்வளவுதான், முடிந்தது. பாஸ்டர், மூப்பர், நாகர்கோவில் பக்கத்து வெல்டர் ஒருவர், அசெம்ப்ளி லைனில் வேலை பார்த்த இரண்டு இளைஞர்கள், ஆறாவதாக என் கணவர்.

என் கணவர் டர்னர், கம்பெனியில் இரும்பு கடைகிறவர். லேத்துக்கு முன்னால் நின்றால் பேசமாட்டார், வீட்டுக்கு வந்தாலும் அதிகம் பேசமாட்டார். ஆனால் ஆகாயத்தில் விமானச் சத்தம் கேட்டால் சோற்றுக் கையோடு வெளியே ஓடுவார். கல்யாணமான புதிதில் எனக்கு இது பயமாகக்கூட இருந்தது. அப்படிப்பட்டவருக்கு விமானத்தில் உட்காரும் யோகம் வந்திருக்கிறது. தெரு முழுக்கச் சொன்னார். மளிகைக் கடைக்காரரிடம் சொன்னார், சலவைக்காரரிடம் சொன்னார். கம்பெனியில் லீவு கிடைத்த அன்று மைசூர்பாகு வாங்கி வந்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வயிற்றெரிச்சலும் இருந்தது. இரண்டும் ஒரே வயிற்றில் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதற்கிடையில் பாஸ்டர் ஒரு உத்தரவு போட்டார். அங்கே போய்ச் செய்யப்போகும் வேலைகளை எல்லாம் கிளம்புவதற்கு முன்பே இங்கே செய்து பழக வேண்டும். பாத்திரம் கழுவுவது, பெருக்குவது, துணி துவைப்பது, சமைப்பது. பழகுவதற்கு இடம்? சபைக்கு அடுத்த சந்தில் எங்கள் வீடு. பின்பக்கம் குழாய், துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. கற்றுக்கொடுக்க ஆள்? "சிஸ்டர் இருக்காங்களே" என்றார் மூப்பர். போகக் கூடாதாம், போகிறவர்களுக்குப் பாடம் மட்டும் நடத்தலாமாம்! வந்த கோபத்தில் முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்த மூப்பர் என் வீட்டுத் துவைக்கிற கல்லின் முன்னால் குத்துக்காலிட்டு உட்காரும் காட்சி மனசுக்குள் வந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலங்களில் எங்கள் பின்கட்டு சினிமாக் கொட்டகை போல ஆனது. வெல்டர் தம்பி அலுமினியப் பாத்திரத்தை வெல்டிங்குக்கு முன்னால் இரும்பைத் தேய்ப்பதுபோல் தேய்த்தார். "அக்கா, இன்னும் கொஞ்சம் மினுங்கணுமாக்கும்" என்று சொல்லிச் சொல்லித் தேய்த்ததில் என் பால் சட்டியின் அடி காகிதமாகிவிட்டது. மூப்பர் கழுவுவதைவிட, கழுவி வைத்ததைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பதைத்தான் அதிகம் செய்தார். "இது ரீவொர்க்" என்று திருப்பிப் போடுவார். "மூப்பர், இங்க இன்ஸ்பெக்‌ஷன் என் வேலை. நீங்க கழுவுங்க" என்றேன். கழுவினார், பாவம்.

அடுத்த வீடு ஒரு பாய் வீடு. அவர் புளி, மாங்காய் வியாபாரத்துக்காகக் கிருஷ்ணகிரிக்கும் குருபரப்பள்ளிக்கும் போய்வருகிறவர். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்த அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்னாம்மா இது, உங்க ஆம்பளைங்க பாத்திரம் கழுவறதுக்கு வரிசைல நிக்கறாங்க? இந்த வியாதி எங்க ஊட்டுக்காரருக்கும் ஒட்டிக்குமா?" என்று கேட்டார். "தொட்டா ஒட்டிக்கும், அனுப்பி வைக்கா" என்றேன்.

வேலை பழகினார்கள். ஆனால் தாழ்மையிலும் போட்டி வந்துவிட்டது. அதுதான் வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சபையைப் பெருக்க ஒருவர் வருவார், அவர் பெருக்கியதை இன்னொருவர் வந்து பெருக்குவார், ஆராதனை தொடங்குவதற்குள் அந்தத் தரை தேய்ந்துபோகும். ஒரு வாரம் துடைப்பத்தையே காணவில்லை. கடைசியில் பார்த்தால், அடுத்த ஞாயிறும் தான்தான் முதலில் பெருக்க வேண்டும் என்று மூப்பர் அதைத் தன் ஸ்கூட்டரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். காப்பி குடித்த டம்ளரை நான் கீழே வைப்பதற்குள் நாலு கைகள் வரும். ஒரு தடவை பாதிக் காப்பி இருக்கும்போதே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். "குடிச்சி முடிக்கவாவது விடுங்கப்பா" என்று கத்தினேன்.

கிளம்புவதற்கு முன் கடைசிப் பரீட்சையாக அறுப்பின் பண்டிகை வந்தது. வருஷா வருஷம் வீட்டுக்கு வீடு கொண்டுவரும் பூசணிக்காய், தேங்காய், கோழி, கீரைக்கட்டு எல்லாவற்றையும் பீடத்துக்கு முன்னால் வைத்துப் படைப்போம். பிறகு ஏலம் விடுவார்கள், அதற்குப் பிறகு சபை முழுவதற்கும் சாப்பாடு. அந்த வருஷம் சமையல் முழுவதும் மிஷனரிக் குழுவின் பொறுப்பு என்று பாஸ்டர் அறிவித்தார். பெண்கள் யாரும் அடுப்புப் பக்கமே வரக் கூடாது, உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எங்களுக்கு உட்காரத்தான் தெரியவில்லை. பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தோம்.

சாதம், சாம்பார், கூட்டு, பாயசம். பாய் வீட்டு அக்கா பிரியாணி போடும் பெரிய தேக்சாவைக் கொடுத்து உதவினார். குழுவில் யாருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு இல்லை. அந்த மாதம் எல்லாக் கம்பெனிகளிலும் அவசர ஆர்டர். அதனால் சாம்பாரையும் ஷிப்ட் போட்டுச் செய்வது என்று முடிவு செய்திருக்கிறார்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்த வெல்டர் தம்பி விடியும்போது பருப்பை ஏற்றி, காய் போட்டு, உப்புப் போட்டு, குளிக்கப் போனார். அவரிடமிருந்து அசெம்ப்ளி இளைஞர்கள் இருவரும் பொறுப்பெடுத்தார்கள். பிறகு என் கணவர். கடைசியில் மூப்பர்.

இங்கேதான் ஓசூர் புத்தி வேலை செய்தது. கம்பெனியில் ஒரு மெஷின் கை மாறினால், முன்னால் நின்றவன் வைத்த செட்டிங்கை நம்பக் கூடாது என்பது பாடம். அவன் சரியாகத்தான் வைத்திருப்பான், இருந்தாலும் நீ ஒரு தடவை உன் கையால் சரிசெய்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். இந்தப் பாடத்தைச் சாம்பாருக்கும் பொருத்திவிட்டார்கள். பொறுப்பெடுத்த ஒவ்வொருவரும் முதல் வேலையாக உப்புப் போட்டிருக்கிறார்கள்.

சரி, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதுவும் கிடையாது. வேலைக்காரன் கடைசியில்தான் சாப்பிட வேண்டும் என்று பாஸ்டர் ஒரு தடவை பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். அதை இவர்கள் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். சபையார் வாய் வைப்பதற்கு முன்னால் ஒருவரும் ருசிகூடப் பார்ப்பதில்லை என்று கூடிப் பேசித் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். இத்தனை தாழ்மையோடு ஒரு சாம்பார் அதற்கு முன்னும் பின்னும் இந்த உலகத்தில் கொதித்திருக்காது.

பாஸ்டர் ஜெபம் பண்ணினார். இலையில் சாம்பார் விழுந்தது. குழுவினர் தோளில் துண்டோடு, கையில் வாளியோடு, முகமெல்லாம் பணிவாக நின்றார்கள். முதல் கவளம் எல்லோர் வாய்க்குள்ளும் போனது. சபையில் அப்படி ஒரு அமைதியைப் பிரசங்க நேரத்தில்கூட நான் பார்த்ததில்லை. பெரியவர்கள் மரியாதைக்கு விழுங்கினார்கள். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. அவளுக்கு என்ன மரியாதை?

"அம்மா, இதுல உப்பு மூட்ட விழுந்திருச்சி."

பக்கத்தில் இருந்த கன்னடக்காரப் பாட்டி, "உப்பு ஜாஸ்தி ஆயித்து" என்று மெதுவாகச் சொல்லித் தண்ணீர்ச் செம்பை மொத்தமாகக் கவிழ்த்துக் குடித்தார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பார்கள். அன்றைக்கு நாலு ஷிப்டுக்காரர்களும் நாலு தடவை இட்டிருந்தார்கள். மறக்கவா முடியும்?

சிரிப்பு எங்கிருந்து தொடங்கியது என்று தெரியவில்லை. ஷெட் கூரை அதிர்ந்தது. அசெம்ப்ளி இளைஞர்கள் வாளியோடு சுவரோரம் ஒதுங்கினார்கள். வெல்டர் தம்பி, "நான் ஒருக்கத்தான் போட்டேன், கேட்டேளா" என்று பார்த்தவரிடமெல்லாம் சத்தியம் செய்தார். நான் பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தேன். "தடை நீங்கிருச்சா பாஸ்டர்? நாங்க அடுப்புகிட்ட போலாமா?" என்று கேட்டேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஏலத்தில் மூப்பர் எடுத்திருந்த பூசணிக்காயை அவரையே நறுக்க வைத்தேன். உப்பில்லாமல் பருப்பும் பூசணிக்காயும் தனியாக வேகவைத்து, அந்தச் சாம்பாரை இரண்டு மூன்று பாத்திரமாகப் பிரித்துக் கலந்து, புளியைக் கரைத்து விட்டு, தாளித்து இறக்குவதற்குள் நேரம் ஓடிவிட்டது. பிள்ளைகள் பசியில் அழாமல் இருக்க அவர்களை மரத்தடியில் உட்கார வைத்துக் கதை சொல்லிக்கொண்டே அடுப்பையும் பார்த்தேன். எல்லோரும் சாப்பிட்டபோது வெயில் சாய்ந்திருந்தது. குறை சொல்ல ஆளில்லை. பசி ருசி அறியாது, அது ஒருபக்கம் இருக்கட்டும், சாம்பார் நன்றாகவே இருந்தது.

சாப்பாடு முடிந்து குழுவினர் ஷெட்டின் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். பாஸ்டர் வந்து ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இந்த மாதிரிச் சாம்பார்தான் போடப்போகிறோமா என்று கேட்டார். மூப்பர்தான் யோசித்துச் சொன்னார்.

"சிஸ்டர சமையலுக்குக் கூட்டிட்டுப் போனா என்ன பாஸ்டர்?"

எனக்கு வந்ததே கோபம்! காய்ந்த பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு திரும்பினேன். "சமையலுக்கா? உங்க ஆறு பேருக்கும் சமைச்சிப் போட நான் மலேசியா வரணுமா? அத இங்கயே செய்யறனே. நான் வந்தா பிள்ளைங்களுக்கு வகுப்பு எடுக்க வருவன். அடுப்ப எல்லாரும் பாத்துக்குவோம், நானுந்தான். பாத்திரம் நீங்க கழுவுங்க. அதுக்குத்தான அத்தன நாள் பழகினீங்க?"

பாஸ்டர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை மின்விசிறி எதுவும் மேலே இல்லை. "மொதல்லயே உங்களத்தான் எடுத்திருக்கணும். மரத்தடில நீங்க பிள்ளைங்கள வச்சிருந்ததப் பாத்தப்பவே எனக்குப் புரிஞ்சது. ஆனா இடம் ஆறுதான். டிக்கெட்டுக்குப் பேர் நாளைக்குக் குடுக்கணும். யாராவது ஒருத்தர் விட்டுக் குடுத்தா..."

அவர் முடிக்கவில்லை. காப்பி டம்ளருக்கு நாலு கை நீட்டியவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்து பாத்திரத்தைத் தேய்த்தார்கள். அப்படி ஒரு தேய்ப்பு. இளைஞர்களில் ஒருவர் ஏற்கனவே கழுவிய கரண்டியை மறுபடி எடுத்துக் கழுவினார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. விமானம் என்பது அப்போதெல்லாம் லேசான விஷயமா?

தேக்சாவுக்குள் பாதி உடம்பை நுழைத்து அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார் என் கணவர். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"எனக்கு லீவு கெடைக்காது போல இருக்குங்க பாஸ்டர்."

லீவு கிடைத்ததற்கு வாங்கிய மைசூர்பாகு டப்பா வீட்டில் இன்னும் காலியாகவில்லை. தெருவுக்கே தெரியும். அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். பாஸ்டருக்கும் தெரியும். ஆனாலும் அவர் எழுந்து போய்த் தேக்சாவின் விளிம்பில் கை வைத்து, "சரி பிரதர்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "சர்ச்சுல நின்னு பொய் சொல்லிட்டு வரீங்களே, வெக்கமா இல்ல?"

"பொய் இல்லம்மா. நாளைக்குப் போயி லீவு வேணாம்னு எழுதிக் குடுத்துருவன். அப்பறம் கெடைக்காதுதான?"

"எனக்கு வேணாம். நீங்க போங்க. ஏரோப்ளேன் சத்தம் கேட்டா எச்சில் கையோட ஓடறது நானா நீங்களா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவசரமே இல்லாமல் மடித்து மாட்டினார். "நான் போனா வெள்ளையடிப்பன். வெள்ளையடிக்க அஞ்சு பேர் இருக்காங்க. பிள்ளைங்கள வச்சி நடத்த நீ ஒருத்திதான். ரெண்டு பேரும் போனா பாப்பாவ யார் பாக்கறது? கணக்கு சரியாத்தான் வருது" என்றார். பிறகு, "மூப்பர் உன்ன வேணாம்னு சொன்னப்ப நான் வாயத் தொறக்கல. அது எனக்கு நெஞ்சிலயே நிக்குது" என்றார்.

நான் அழுதேன். சண்டை போட்டுக்கொண்டே அழுவது எனக்குக் கைவந்த கலை. இவரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் இவரை எனக்குப் பாதிதான் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு பெருமையாகவும் இருந்தது, அவ்வளவு கஷ்டமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இன்னொரு பயிற்சி தொடங்கியது. இந்தத் தடவை மாணவர் ஒருவர்தான். தோசை மாவு பதம், மகளுக்குப் பிடித்த ரசம், அவள் பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் எந்தக் கிழமைக்கு எது என்பது, எல்லாம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். இரட்டைச் சடை பின்னத்தான் கஷ்டப்பட்டார். இரும்பில் நூல் பிசகாமல் கடைந்தெடுக்கிற கை, ஒரு வகிடு எடுக்க அரைமணி நேரம் ஆனது. "அப்பா, ஸ்கூல் மணி அடிச்சிரும்" என்று மகள் கத்துவாள். அவர் சீப்பை வாயில் கவ்விக்கொண்டு ஒரு கண்ணை மூடி வகிட்டை அளப்பார். செகண்ட் ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டார். காலையில் அவர் பார்த்துக்கொள்வது, சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் பாய் வீட்டு அக்கா பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. "நீ கவலப்படாம போயிட்டு வா. புள்ள எங்க ஊட்லயே தூங்கட்டும்" என்று சொன்ன அக்கா, எனக்கு ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தார். "உப்பு சரியா இருக்கு, நான் ருசி பாத்துட்டன்" என்று வேறு சொல்லிச் சிரித்தார்.

என் பெட்டியை என் கணவர்தான் அடுக்கினார். தனக்காக ஒன்றே ஒன்று கேட்டார். "சன்னல் சீட்டு கெடச்சா, எறக்கைல ரிவெட்டு ஆணி எப்படி அடிச்சிருக்கான்னு பாத்துட்டு வா" என்றார்.

கிளம்புகிற நாள் வந்தது. மத்தியானம் சென்னை பஸ். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் சபையே கூடிவிட்டது. ஆறு பேருக்கும் மாலை போட்டார்கள். மூப்பர் மாலையோடு எல்லோருடைய பெட்டியையும் தானே பஸ்ஸில் ஏற்றுவேன் என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கிருஷ்ணகிரிக்குப் போகிற ஜனங்கள், வாழைப்பழக்காரர், கண்டக்டர் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். "துபாய்க்கா?" என்று கண்டக்டர் கேட்டார். "மலேசியாவுக்கு, பாத்திரம் கழுவ" என்று வெல்டர் தம்பி பெருமையாகச் சொன்னார்.

என் கணவர் கொஞ்சம் தள்ளி நின்றார். மகள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம். அவர் இடது கையில் ஏறி உட்கார்ந்திருந்தாள், ஒரு சடை காதுக்கு மேலே, ஒரு சடை காதுக்குக் கீழே. வலது கையில் எங்களுக்காகக் காலையில் எழுந்து கிளறிய புளிசாதத்தோடு பெரிய டிபன் கேரியர்.

பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்கினார். எல்லோரும் கண்ணை மூடிக் கைகூப்பினார்கள். புறப்பட்டுப் போகிற இந்த ஆறு ஊழியக்காரரையும் ஆண்டவர் காக்க வேண்டும் என்று, ஒவ்வொருவர் பேராகச் சொல்லி ஜெபித்தார். என் பேரும் வந்தது. எல்லாப் பேரும் முடிந்தது. ஆமென் வரப்போகிறது என்று தெரிந்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"பாஸ்டர், ஆமென் சொல்லிடாதீங்க. இன்னும் ஒருத்தர் பேர் சொல்லல" என்றேன்.

ஜெபத்துக்கு நடுவில் பேசியவள் என்று சபையே கண்ணைத் திறந்து பார்த்தது. பாஸ்டரும் பார்த்தார். நான் கையை நீட்டி என் கணவரைக் காட்டினேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாஸ்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் தலைமேல் கை வைத்தார்.

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "சீக்கிரம் முடிங்க பாஸ்டர். எனக்கு செகண்ட் ஷிப்டுக்கு நேரமாச்சு" என்றார்.

பாஸ்டர் அவர் பேரைச் சொல்லி மறுபடியும் முதலிலிருந்து ஜெபத்தைத் தொடங்கினார். பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேரும் கைகூப்பி நின்றோம். கைகூப்ப அவருக்கு மட்டும் கை காலியாக இல்லை.